ஒலியும் உருவும்: புனே எழுத்துருக்களும் தமிழ்ப் பனுவல் மாற்றமும்

1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி தொடங்கித் தமிழ்த்துறைகளில் அளிக்கப்பெற்ற ஆய்வேடுகள் பெரும்பாலும் கணினியில் அச்சுக்கோக்கப்பெற்றவை. அவற்றின் அச்சுப்படிகள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கப்பட்டுள்ளன. கோப்புகளோ ஆய்வாளர் இல்லங்களிலும் தட்டச்சகங்களிலும் நெகிழ்வட்டுகளாகவும் குறுவட்டுகளாகவும் கிடக்கின்றன. அவ்வட்டுகளுள் ஒன்று பழுதுபடாமல் இருந்து, அதிலுள்ள கோப்பு இன்றைய கணினியில் திறக்கவும் திறந்தால், திரையில் தோன்றுவது தமிழாக இருப்பதில்லை. பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்ட கோப்பாயின், ‘தமிழ்’ என்னும் சொல் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கும். கணினியைப் பொறுத்தவரை அக்கோப்பில் என்றுமே தமிழ் இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் அணிவித்த ஓர் எழுத்துரு மட்டுமே இருந்தது. அவ்வெழுத்துரு அகன்றதும் உள்ளிருந்தது வெளிப்பட்டுவிடுகிறது.

இத்தகைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது தட்டச்சர் செய்யும் வேலை, அல்லது மென்பொருள் ஒரு நொடியில் செய்து முடிக்கும் வேலை என்னும் எண்ணமே தமிழாய்வுலகில் பரவலாக நிலவுகிறது. உண்மையில் அது சுவடியிலிருந்து படியெடுப்பதற்கு நிகரான பதிப்புப்பணியாகும். படியெடுப்போன் கையில் பாடவேறுபாடுகள் தோன்றியதுபோலவே எழுத்துரு மாற்றியின் கையிலும் தோன்றுகின்றன. இதனை விளக்கப் புனே நகரிலிருந்து தொடங்குவது பொருந்தும். இந்திய மொழிகளைக் கணினியில் சேமிக்கும் முறையும், அவற்றைத் தாளில் அழகுற அச்சிடும் முறையும் அந்நகரில் அருகருகே வளர்ந்தன. பின்னாளில் தமிழுக்கு நேர்ந்த சிக்கலின் இருமுனைகளையும் அங்கே ஒருசேரக் காணலாம்.

சி-டாக் என வழங்கும் உயர்கணிமை மேம்பாட்டு மையம் 1988இல் புனேயில் தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்த அந்நிறுவனம் 1991இல் ‘பரம் 8000’ என்னும் மீத்திறன் கணினியால் நாடறியப் புகழ் பெற்றது. எனினும் மொழித்துறையினர்க்கு அணுக்கமானது அதன் ஜிஸ்ட் பிரிவேயாகும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வின் தொடர்ச்சியாக, மோகன் தாம்பே முதலியோரின் முயற்சியால் அது புனேயில் வேரூன்றியது. கணினிக்குள் ஓர் அட்டையைச் செருகினால் ஆங்கிலத்திற்கென ஆக்கப்பட்ட மென்பொருள்களிலும் இந்திய எழுத்துகள் திரையில் தோன்றும் என்பது அக்காலத்தில் வியப்பளித்த செய்தி. அந்த அட்டையின் பின்னணியில் இருந்த குறியேற்ற முறையே இஸ்கி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதனை 1991இல் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணுடன் நாட்டின் தரமாக ஏற்றது.

இஸ்கியின் அடிப்படை எளிமையானது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகள் அனைத்திலும் ககரத்துக்கு ஒரே எண். தேவநாகரியில் எழுதுவதா, தமிழில் எழுதுவதா என்பது பின்னர் முடிவு செய்யப்படும். எண் குறிப்பது ஒலியை, உருவத்தை அன்று. ‘கொ’ என்பது ககர மெய்யும் ஒகர உயிர்க்குறியுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் அமைத்துக் காட்டுவது திரையின் பொறுப்பு. சேமிப்பில் அப்பிளவுக்கு இடமில்லை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் தொல்காப்பியக் கருத்தோடு இம்முறை இயைந்து நிற்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது. மற்றொரு செய்தியும் உண்டு. தமிழின் வல்லின றகரத்துக்கு உரிய இடத்திலேயே, மராத்தியில் யகரத்தின் முன் மெலிந்து வரும் ரகரத்தை எழுதுவதற்கான எழுத்தும் வைக்கப்பட்டது. இரு மொழிகளும் தத்தம் தனித்தன்மையென எண்ணும் ஒலிகள் இங்கு ஓரெண்ணில் உறைகின்றன!

ஆயின் நூல் அச்சிடுவோர்க்கு வேண்டியது வேறு. அவர்கள் பயன்படுத்திய பேஜ்மேக்கர் போன்ற பக்க அமைப்பு மென்பொருள்கள் ஒலிக்குறியேற்றம் எதனையும் அறியாதவை. எண்ணுக்கு ஓர் உருவம் என்பதே அவற்றின் கணக்கு. அவற்றுக்காக அதே ஜிஸ்ட் பிரிவு இஸ்ஃபாக் என்னும் எழுத்துரு எண்முறையை வகுத்தது. இதில் கொம்புக்கு ஓரெண், காலுக்கு ஓரெண், ‘கு’வுக்கு ஓரெண், ‘கூ’வுக்கு ஓரெண். அதே புனே நகரில் இயங்கிய மாடுலர் இன்ஃபோடெக் என்னும் தனியார் நிறுவனத்தின் ஸ்ரீலிபி எழுத்துருக்கள் இன்னொரு எண்முறையில் அமைந்தன. வடிவழகாலும் வகைப்பெருக்கத்தாலும் ஸ்ரீலிபியின் தமிழ் எழுத்துருக்கள் தமிழ்நாட்டு அச்சகங்களிலும் இதழ் அலுவலகங்களிலும் செல்வாக்குப் பெற்றன. புனேயின் மராத்திப் பதிப்பாளர்களும் இதே வகை எழுத்துருக்களை நம்பியே நூல் வெளியிட்டனர் என்பதால், இன்று தமிழ்ப் பதிப்பாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு அவர்களுக்கும் புதிதன்று.

சி-டாக்கின் சொற்செயலியில் இஸ்கியாகச் சேமிக்கப்பட்ட பனுவல் ஒலிவடிவில் இருக்கும். அதையே பக்கம் அமைப்பதற்காகப் பேஜ்மேக்கருக்கு அனுப்பினால் இஸ்ஃபாக் உருக்களாக மாறிவிடும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தம் நிகழ்வது பின்னதில். ஆகவே இறுதியான, பிழை களையப்பட்ட பாடம் உருவக்கோப்பில் இருக்கும். ஒலிக்கோப்பில் பிழைகள் அப்படியே எஞ்சும். பெரும்பாலோர் ஒலிக்கோப்பைப் பேணவும் இல்லை. புனே இரண்டையும் வழங்கியது. அச்சுலகம் உருவை எடுத்துக்கொண்டது. இதனை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. நூல் தாளில் வரவேண்டும், குறித்த நாளில் வரவேண்டும் என்பதே அன்றைய தேவை. இஸ்கிக்குத் தனி அட்டையோ தனி மென்பொருளோ வேண்டியிருந்தது. தேவநாகரியை அடியாகக் கொண்ட பொதுச்சட்டகத்தில் தமிழை அடைப்பதாகத் தமிழ்க்கணிமையாளர் பலர் அதன்மேல் ஐயமும் கொண்டிருந்தனர். தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்கள் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பின்னர் அடிக்கும் வழக்கமுடையவை என்பதும் ஒரு காரணம்.

தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் எழுந்த எழுத்துருக்களின் வரலாறு தனியே எழுதத்தக்கது. கனடாவில் சீனிவாசனின் ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’, ஈழத்தமிழர் பெரிதும் கையாண்ட ‘பாமினி’ என ஒவ்வொன்றும் தனித்தனி எண்முறையைக் கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு தரங்களை அறிவித்தது. இணையத்தில் இயங்கியோர் திஸ்கி என்னும் தரத்தை உருவாக்கிக்கொண்டனர். இவை யாவும் உருவத்தை எண்ணாக்கியவையே. இடையில் 1991இலேயே வெளிவந்த ஒருங்குறி, இஸ்கியின் ஒலிமுறையையும் அட்டவணை அமைப்பையும் தழுவியது. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவுடன் வந்த பின்னரே அது தமிழர் கணினிகளில் மெல்ல இடம்பெற்றது. புனேயில் அச்சுலகம் கைவிட்ட ஒலிமுறை, உலகைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்து சேர்ந்தது எனலாம். அதற்குள் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத் தமிழ் நூல்கள் உருவங்களாக உறைந்துவிட்டிருந்தன.

இனி மாற்றத்தின்போது நிகழ்வதைக் காண்போர்க்குச் சிக்கலின் ஆழம் விளங்கும்.

அச்சில் ‘ர்’ என்னும் எழுத்து, காலின் தலையில் புள்ளி வைத்ததுபோலவே தோன்றும். ரகரத்தின் அடியிலுள்ள சாய்கோடு அதில் மறைந்துவிடும். ‘ரி’ என்பதும் அவ்வாறே. ஆகவே எழுத்துருப் படைத்தோர் பலர் இவற்றுக்கெனத் தனி உருவம் அமைக்கவில்லை. தட்டச்சரும் காலை அடித்துப் புள்ளியை அடித்தனர். தாளில் குறையேதும் இல்லை. அக்கோப்பை எண்ணுக்கு எண் மாற்றினால் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இக்கட்டுரையைப் படிப்பவர்க்கும் வேறுபாடு எளிதில் புலப்படாது. ஆனால் முன்னதில் இருப்பது ரகர மெய். பின்னதில் இருப்பது வகர ஆகாரத்தின் தலையில் ஒரு புள்ளி. தேடுபொறியில் ‘அவர்கள்’ எனத் தேடுவோர்க்குப் பின்னது அகப்படாது. நல்வாய்ப்பாக இச்சிக்கலை இலக்கணமே தீர்த்துவைக்கிறது. உயிர்க்குறியின்மேல் புள்ளி ஏறாது, ஓர் உயிர்க்குறியின்மேல் இன்னோர் உயிர்க்குறி ஏறாது என்னும் விதியை மாற்றியில் எழுதிவிட்டால், காலின்மேல் புள்ளி வருமிடமெல்லாம் ரகரம் என்று தயங்காமல் கொள்ளலாம். அவ்விதி எழுதப்படாத மாற்றிகள் பல இருந்தன என்பதற்கு இணையத் தமிழெங்கும் விரவியுள்ள ‘தமிழா்’களே சான்று.

ஔகாரத்தின் நிலை இவ்வளவு எளிதன்று. ‘கௌ’ என்பதை உருவமுறையில் அடிக்கும்போது கொம்பு, ககரம், ளகரம் என மூன்று உருவங்கள் வரும். ‘கெள’ என்பதற்கும் அதே மூன்று உருவங்கள், அதே வரிசை. மாற்றி எதனைத் தேர்வது? எப்போதும் ளகரம் என்று கொண்டால் கௌதமர் ‘கெளதமர்’ ஆகிறார். பௌத்தம் ‘பெளத்தம்’ ஆகிறது. வௌவால் ‘வெளவால்’ ஆகிறது. எப்போதும் ஔகாரம் என்று கொண்டாலோ, புள்ளி தனியுருவமாக உள்ள எழுத்துருக்களில் ‘வெள்ளம்’ கெட்டு, ஔகாரத்தின் தலையில் புள்ளி தொங்கும் பொருளற்ற வடிவமாகிறது. எனவே சற்றுத் தேர்ந்த மாற்றிகள் ஓர் இடைவழியைக் கொண்டன: ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், அடுத்து வேறு எழுத்து வந்தால் அது ஔகாரத்தின் கூறு.

செவ்வியல் பனுவல்களைப் பொறுத்தவரை இவ்விதி பெரிதும் பிழையின்றி இயங்கும். கௌவை, பௌவம், வௌவு ஆகிய அனைத்தும் செம்மையாக மாறும். எழுத்து வழக்கிலுள்ள இக்காலக் கட்டுரைகளிலும் இடர் இல்லை. வட்டார வழக்குப் புதினம் ஒன்றை இதே விதிக்கு உட்படுத்தினால்தான் கேடு தெரியும். ‘கெளம்பு’ என்று பாத்திரம் பேசுமிடத்தில் ‘கௌம்பு’ என்று வரும். ‘வெளக்கு’ ஏற்றப்படும் வீட்டில் ‘வௌக்கு’ எரியும். விளக்கின் இகரம் பேச்சில் எகரமாகும் என்பதை மாற்றியை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் மனத்திலிருந்த தமிழ் எழுத்துத்தமிழ். மாற்றி ஒவ்வொன்றின் உள்ளும் மொழி பற்றிய ஒரு கருதுகோள் ஒளிந்திருக்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று கிடைத்தல் அரிது. வட்டார நாவல்களின் ஒலியமைதியை ஆராயும் மாணவர் ஒருவர் இத்தகைய கோப்பிலிருந்து தரவு திரட்டினால், இல்லாத ஔகாரங்களை எண்ணி முடிவு கூறிவிடுவார். மறுபுறம், அகப்பாடல்களில் அலர் குறித்த சொற்களைத் தொகுப்பவர் ‘கௌவை’ எனத் தேடி, கோப்பில் ‘கெளவை’ என்றிருப்பதால் அச்சொல் பயிலவில்லை என்று எழுதிவிடவும் கூடும். அச்சுநூலைப் புரட்டி அட்டையில் குறித்த தலைமுறை இப்பிழையைச் செய்திராது.

மூன்றாவது நிலை ஒன்றுண்டு. தட்டச்சர் ரகரம் அடிக்க வேண்டிய இடத்தில் காலை அடித்துவிடின், அல்லது பழைய அச்சுநூலைப் படித்தறியும் எழுத்துணரி மென்பொருள் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டுவிடின், தரம் ‘தாம்’ ஆகும். கரடி ‘காடி’ ஆகும். பரணி ‘பாணி’ ஆகும். இவை அனைத்தும் தமிழ்ச்சொற்களே. எழுத்திலக்கணம் இங்கு உதவாது, அகராதியும் உதவாது. தொடரின் பொருளை அறிந்தவரே தீர்க்க இயலும். எழுத்தால் தீர்வன, சொல்லால் தீர்வன, பொருளால் தீர்வன என மாற்றச் சிக்கல்கள் மூவகைப்படும் என்று கூறினால் தொல்காப்பியத்தின் பகுப்பை வலிந்து பொருத்துவதாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே.

சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு இது பழகிய நிலம். ஓலையில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நின்றன. உ.வே. சாமிநாதையர் தலைமுறையினர் ஓலையிலிருந்து அச்சுக்குப் பாடத்தைக் கொணர்ந்தபோது ஒவ்வொரு சொல்லிலும் இத்தேர்வுகளைச் செய்தனர். உருவத்திலிருந்து ஒலியை மீட்டதே அவர்கள் செய்த பணி. இன்று எழுத்துரு மாற்றி செய்வதும் அதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஐயர் தாம் கொண்ட பாடத்துக்கு மாறான பாடங்களை அடிக்குறிப்பில் தந்தார். மாற்றி எதனையும் தருவதில்லை. எங்கெங்கே ஐயம் எழுந்தது என்றுகூடக் கூறுவதில்லை.

புனேக்கும் தஞ்சைக்கும் இடையே இதற்கொப்ப ஒரு தொடர்பு முன்பே இருந்தது. தஞ்சை மராத்திய மன்னர்களின் அலுவல் ஆவணங்கள் மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. தஞ்சைச் சரசுவதி மகாலில் அவை கட்டுக்கட்டாக உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கத்துடன் வெளியிட்டுள்ளது. விரைந்து எழுதுவதற்கென அமைந்த மோடியில் இகர ஈகார வேறுபாடும் உகர ஊகார வேறுபாடும் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. பேஷ்வா ஆவணங்களைப் புனேயில் ஆராய்ந்தோர் மோடியைத் தேவநாகரிக்குப் பெயர்க்கும்போது, குறிலா நெடிலா என்பதை மொழியறிவால் முடிவு செய்தனர். அப்பணியைச் செய்தோர் எழுத்தர் எனப்படவில்லை. வரலாற்றறிஞர் என மதிக்கப்பட்டனர்.

அதே நகரின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதச் செம்பதிப்பை 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்தது. 1925 முதல் பொதுப்பதிப்பாசிரியராக விளங்கிய வி.எஸ். சுக்தாங்கர் வகுத்த நெறியின்படி, சாரதா, வங்கம், தெலுங்கு, கிரந்தம், மலையாளம் எனப் பல எழுத்துகளில் அமைந்த சுவடிகள் ஒப்புநோக்கப்பட்டன. தள்ளப்பட்ட பாடங்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடம்பெற்றன. பிற்காலத்தில் கியோட்டோவின் முனியோ தொக்குநாகா அப்பதிப்பின் மூலபாடத்தை உரோமன் எழுத்தில் கணினியேற்றினார். கேம்பிரிட்ஜின் ஜான் ஸ்மித் அதனைத் திருத்திச் செம்மை செய்தார். உரோமன் எழுத்தில், ஒலிவரிசையில் இருந்தமையால் அப்பாடம் பின்வந்த எந்தக் குறியேற்றத்துக்கும் இடரின்றி மாறியது. தமிழிலும் இதற்கு இணையுண்டு. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமசு மால்டன் முதலியோர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை உரோமன் குறிகளால் கணினியேற்றினர். பார்வைக்கு அழகற்றதாய் இருந்த அக்கோப்பு இன்றும் பயன்படுகிறது. அதே பத்தாண்டில் அழகிய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்ட நூல்களின் கோப்புகளோ திறப்பாரின்றிக் கிடக்கின்றன. ஒலியைப் பதிந்தது நிலைத்தது. உருவைப் பதிந்தது உருவோடு போயிற்று.

உருவக்கோப்பு முற்றிலும் தாழ்ந்தது என்றும் கூறிவிட முடியாது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை வேறு வடிவில் அச்சிடப்பட்டன. பழைய வடிவங்களைக் கொண்ட உருவ எழுத்துருவில் பதிக்கப்பட்ட நூலின் கோப்பில் அவ்வடிவங்களுக்குத் தனி எண்கள் உண்டு. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் எண் ஒன்றே, வடிவம் எழுத்துருவைச் சார்ந்தது. மாற்றம் நிகழ்ந்த அக்கணத்தில், நூல் எவ்வடிவத்தில் அச்சாயிற்று என்னும் செய்தி மறைந்துவிடுகிறது. அச்சுப் பண்பாட்டை ஆராய்வோர்க்கு அது சிறிய இழப்பன்று.

இன்னும் சில இழப்புகள் சிறியவை, ஆனால் அன்றாடம் நேர்பவை. ஆய்வேட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். பாமினி போன்று ஆங்கில எண்களையே தமிழுக்குக் கொண்ட எழுத்துருவில், எழுத்துருப் பெயரைக் கருதாமல் வெறும் பனுவலாக எடுத்து மாற்றினால் துணைநூற்பட்டியலின் ஆங்கில நூற்பெயர்கள் அனைத்தும் உளறலான தமிழாகும். மேலெழுத்தாக இருந்த அடிக்குறிப்பு எண் கீழிறங்கிச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். செய்யுளின் சீர்களைப் பிரித்துக் காட்டிய இடைவெளிகள் குலையும்.

ஒருங்குறிக்கு வந்துவிட்டால் எல்லாம் நிறைவுற்றது என்ற எண்ணமும் திருத்தத்திற்குரியது. 2005இல் ‘ஶ’ என்னும் எழுத்து ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட பின், ‘ஸ்ரீ’ என்னும் ஓருருவத்தைச் சகர வகையாலும் ஸகர வகையாலும் என இருவழிகளில் எழுத இடமேற்பட்டது. பழங்கோப்பில் ஒருவாறும் புதுக்கோப்பில் ஒருவாறும் அது இருக்கக்கூடும். வரிசைமுறைச் சிக்கல் இன்னும் அடிப்படையானது. இஸ்கியின் வழிவந்த அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்தை அடுத்து நிற்கிறது. வகரம் ழகரத்துக்குப் பின் வருகிறது. தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அதுவன்று. பணிநிறைவு பெற்ற பேராசிரியர் ஒருவர் தாம் முன்னர் உருவாக்கிய சொல்லடைவை ஒருங்குறிக்கு மாற்றி, எண்வரிசையில் அடுக்கும் மென்பொருளில் அகரநிரல் செய்யச் சொன்னால், ‘வனம்’ ‘வரம்’ என்பதற்கு முன்னே வந்து நிற்கும். ஔவையார் ‘ஒளவையார்’ ஆகி ஒளிக்கு அண்மையில் அமர்வார். தமிழ்வரிசையை அறிந்த அடுக்குமுறை இப்போது பல மென்பொருள்களில் உள்ளது. அதனைத் தேர்ந்து இயக்க வேண்டும் என்பதை அறியாதவரே மிகுதி. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியுடன் ஏற்ற தேஸ்-16 என்னும் முறை, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியெண் தந்து இவ்வரிசைக் குறையைப் போக்க முயன்றது. ஆனால் அவ்வெண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. அவற்றை அறியாத மென்பொருளில் அவையும் வெற்றுக்கட்டங்களே. மாற்றவேண்டிய வடிவங்களின் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது.

மாற்றிகளை ஆக்கியோர் பெரும்பாலும் தமிழ்த்துறை சாராதவர்கள். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, நியூ ஹொரைசன் மீடியாவின் மாற்றி, திறமூல நிரல்தொகுப்பான ஓப்பன்-தமிழ் ஆகியவை தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் திஸ்கியில் இருந்த பழந்தமிழ் நூல்களை ஒருங்குறிக்குக் கொணர்ந்ததும் அவ்வகையதே. அவர்கள் செய்ததைத் தமிழ்த்துறைகள் பயன்கொண்டன, சரிபார்க்கவில்லை. திறமூல மாற்றியில் எந்த உருவம் எந்த எழுத்தாகிறது என்னும் அட்டவணை எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. அதனைப் படிக்க நிரலறிவு சிறிதும் தமிழறிவு பெரிதும் வேண்டும். பதிப்பியலைப் பாடமாக வைத்துள்ள துறைகளில் அவ்வட்டவணை ஒன்றையேனும் வகுப்பில் படித்துத் திருத்தும் பயிற்சி இருப்பின், கெளம்பு கௌம்பாவதை முதலாமாண்டு மாணவரே கண்டுகொள்வர். ஒருங்குறிக்கு மாற்றி மறுபதிப்பிடும் நூலின் பதிப்புரையில், மூலக்கோப்பின் எழுத்துரு எது, மாற்றி எது, ஔகாரமும் ரகரமும் எவ்வாறு சரிபார்க்கப்பட்டன என்னும் மூன்று வரிகள் இருப்பது மிகையாகாது. சுவடி கிடைத்த இடத்தையும் அதன் நிலையையும் பதிப்புரையில் கூறும் மரபு தமிழில் ஏற்கெனவே உள்ளது.

காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ தொகுப்பில் தமிழ் ஆய்வேடுகளும் ஏற்றப்படுகின்றன. பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேட்டின் பக்கங்கள் அங்கே கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பை வரும். கருத்துத்திருட்டைக் கண்டறியும் மென்பொருளுக்கும் அது அவ்வாறே தெரியும். ஒப்புமை ஏதுமில்லை என அம்மென்பொருள் சான்றளிப்பின், ஆய்வாளரின் நேர்மைக்கு அது சான்றாகாது. எழுத்துருவின் பழமைக்கே சான்றாகும்.

எழுத்துருவை ஆக்கிய நிறுவனம் மூடப்பட்டு, அதன் எண் அட்டவணையும் கிடைக்காத நிலையில் ஒரு வழி மட்டுமே எஞ்சுகிறது. கோப்பையும் அதன் அச்சுப்படியையும் அருகருகே வைத்து, தாளில் ககரம் உள்ள இடத்தில் கோப்பில் எவ்வெண் உள்ளது என ஒவ்வொன்றாகக் குறித்து அட்டவணையை மீட்டெடுக்க வேண்டும். ஒரு நூலின் சில பக்கங்களே பெரும்பாலான உருவங்களைத் தந்துவிடும். ஙகர, ஔகார வரிசைகளும் கிரந்த எழுத்துகளும் அருகியே வருவதால் அவற்றுக்கு முழுநூலையும் தேடவேண்டியிருக்கும். ஒருமுறை மீட்ட அட்டவணை அவ்வெழுத்துருவில் அமைந்த எல்லாக் கோப்புகளுக்கும் பயன்படும். இடமில்லை என்று நூலகங்கள் கழித்துக்கட்டும் பழைய ஆய்வேட்டுப் படிகளுள் அத்தகைய ஒற்றைத் திறவுகோல்கள் எத்தனை உள்ளன என்பதை அவற்றைக் கழிக்குமுன் பார்ப்பவர் இப்போது எவருமில்லை.